வெள்ளை கட்டிய கூரை

எங்கள் நெசவுச் சங்கத்துக்குக் கூரை போட உதவலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று மாமா வந்து சொன்னபோது, நான் தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். மாமா என் உம்மாவின் தம்பி, சங்கத்துக்குத் தலைவர். நெய்கிறவர்கள் எல்லாரும் பெண்கள், தலைவர் மட்டும் ஆண். ஐம்பதுகளில் மருதமுனையில் அதை யாரும் ஒரு குறையாகப் பேசவில்லை. கொழும்பில் ஏதோ ஒரு தரும நிதி, ஊர்ச் சங்கங்களுக்கு உதவி கொடுப்பார்களாம். பள்ளிக்கூட மாஸ்டர் இங்கிலீசில் மனு எழுதிப் போட்டார். நேரில் வந்து பார்த்துவிட்டுத் தீர்மானிக்கிறோம் என்று பதில் வந்திருந்தது.

பார்க்க என்ன இருக்கிறது? இற்றுப்போன தென்னங்கிடுகுக் கூரைதான். மாரிக்காலம் பிறந்தால் தறிக் குழிகளில் தண்ணீர் நிற்கும், பாவு நூலெல்லாம் நனைந்து நாசமாகும். தறிக் கொட்டிலைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். எனக்கு அதனால் பெரிய கேடில்லை, என் புருசனுக்குக் கல்முனையில் கடை இருந்தது. பக்கத்துத் தறியில் நெய்த மச்சிக்கு அப்படி யாருமில்லை. எனக்குத் தூரத்து உறவு அவள். புருசன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. வீட்டில் சின்னப் பெண்பிள்ளைகள். மாரி முழுக்க நாவிதன்வெளிப் பக்கம் போய், வயல் தண்ணீருக்குள் நின்று களை பிடுங்கித்தான் அவள் அடுப்பு எரிந்தது. அந்த வருசம் அவளை ஒரு இருமல் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"இந்த முறையும் தண்ணிக்குள்ள நிண்டா நான் செத்து மையத்துத்தான் கா" என்பாள். ஓட்டுக் கூரை வந்தால் மாரியிலும் நெய்யலாம். அவள் அதையே நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆனால் விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். தன் வீட்டில் கஞ்சி குடிக்கிறவளும் கடன்பட்டுக் கோழி அறுப்பாள். வட்டிலப்பத்துக்கு முட்டை சேர்த்தார்கள். நெய்ச்சோற்றுக்கு வீட்டுக்கு வீடு அரிசி எடுத்தார்கள். மச்சியும் தன் முட்டைக் கோழியைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கல்யாணம், கந்தூரி என்றால் கூரைக்குக் கீழே வெள்ளைச் சீலை இழுத்துக் கட்டி முகட்டை மறைப்பது எங்கள் வழக்கம். மதிப்பான ஆளை வெறுங் கூரையின் கீழ் இருத்துவது மரியாதைக் கேடு. எனவே மாமா சலவைக்காரரிடம் சொல்லி, கொட்டிலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வெள்ளை கட்டுவித்தார். வருகிறவர்கள் பார்க்க வருவதே கூரையைத்தான் என்ற நினைப்பு எங்களில் ஒருத்திக்காவது வந்ததா? கையைக் கட்டிக்கொண்டு நின்று, கொட்டில் மாப்பிள்ளை வீடு மாதிரி இருக்கிறதென்று மகிழ்ந்துபோனோம்.

கார் வந்தது. நோனா என்று நாங்கள் சொல்லும் ஒரு கொழும்புச் சீமாட்டியும் ஒரு துரையும் இறங்கினார்கள். நோனா அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னார்.

"என்ன வடிவு எண்டு சொல்றா" என்றார் மாஸ்டர். எங்களுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்ததாக நோனா கேட்டதை மாஸ்டர் சொல்லத் தயங்கினார். "எந்த இடத்தில ஒழுகுது எண்டு கேக்கிறா."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மேலே ஒரு கறையில்லாமல் வெள்ளை விறைப்பாக நின்றது. விருந்தாளி தலைக்கு மேல் கட்டிய வெள்ளையை அவர் இருக்கும்போதே அவிழ்ப்பதா? மாமா தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் கொஞ்சம் ஒழுகும். அல்லாட காவல், சமாளிக்கிறம் எண்டு சொல்லுங்க."

"பொய் கா!" மச்சி எழுந்துவிட்டாள். "மாஸ்டர், அந்தச் சீலையக் கழட்டிக் காட்டுங்க. மேல பாத்தா வானம் தெரியும் எண்டு சொல்லுங்க. மழைக்கு நாங்க பட்டினி எண்டு சொல்லுங்க."

என் காது சூடாகிவிட்டது. இப்படி ஊர் மானத்தை வாங்குகிறாளே என்றுதான் அந்த நேரம் எனக்குத் தோன்றியது. எல்லாருக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். யாரோ அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து இருத்தினார்கள். மாஸ்டர் இங்கிலீசில் இரண்டொரு வார்த்தை சொன்னார். நோனா சிரித்துக்கொண்டே வந்து மச்சியின் தோளைத் தட்டினார். சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று மாஸ்டர் சொன்னாராம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அவர்கள் நெய்ச்சோறு தின்றார்கள், வட்டிலப்பத்தை மெச்சினார்கள், போனார்கள்.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. மாமா எங்களையெல்லாம் கொட்டிலுக்குக் கூப்பிட்டு, மாஸ்டரைக் கொண்டு தமிழில் சொல்ல வைத்தார். இவ்வளவு சீராக நடக்கும் சங்கத்தை நாங்கள் கண்டதில்லை, உங்கள் உபசரிப்பை மறக்க மாட்டோம், இந்த முறை உதவியை இதைவிட வறுமைப்பட்ட ஓர் ஊருக்குக் கொடுக்கிறோம். மாமாவின் முகம் மலர்ந்திருந்தது. பெண்கள் சிலர் புன்னகைத்துக்கொண்டார்கள்.

"அப்ப கூரை?" என்று மச்சி கேட்டாள்.

மாமா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. ஏழை என்று சொல்ல வெட்கப்பட்டு, பசித்தவளின் வாயைப் பொத்திவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டு இருக்கிறோம். இத்தனை வருசம் கழித்தும் அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.

மாரி வந்தது, கொட்டிலைப் பூட்டினோம். மச்சி களை பிடுங்கப் போனாள். போன கையோடு காய்ச்சலில் விழுந்து திரும்பினாள். ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், மழை விட்டிருந்தபோது, எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நெல்லுக் குத்துற வேலை ஏதும் இரிக்கா, மச்சி?" என்றாள். என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக் கேட்டாள்.

அந்த உடம்போடு அவள் எப்படி உலக்கை பிடிப்பாள்? வேலை இல்லை என்று சொல்லி, அரிசி அளந்து கொண்டுவந்தேன். வேண்டாமென்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள். அத்தனை பேருக்கும் முன்னால் எங்கள் எல்லாருக்காகவும் கூசாமல் வாய் திறந்தவள், அந்த அரிசியை யாரும் கண்டுவிடக் கூடாதென்று சீலைக்குள் மறைத்துக்கொண்டு வேலியோரமாகப் போனாள். அவளுக்கு அந்த வெட்கத்தைப் பழக்கிவிட்டவர்கள் நாங்கள்.