பெஞ்சில் ஒரு கோல்கீப்பர்

கையுறையைக் கழற்றாமலேயே டீ குடிக்கிறாள். காகிதக் கப்பை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அமுக்கிப் பிடித்து, கழுத்தை நீட்டி உறிஞ்சுகிறாள். அதே கையோடு பிஸ்கட்டை எடுக்கப் போய், பாதி உடைந்து புல்லில் விழுகிறது. "கழட்டி வச்சிட்டுக் குடியேன்டி" என்று பக்கத்தில் இருப்பவள் சொன்னால், "கழட்டுற நேரம் பாத்து கூப்பிட்டுட்டாங்கன்னா?" என்கிறாள். மூன்று வருடமாக யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் மாற்று கோல்கீப்பர் அவள். வணிகவியல் கடைசி வருடம். சொந்தப் பெயர் வகுப்பில் வருகை எடுப்பதோடு சரி, மற்றபடி எல்லாருக்கும் 'பெஞ்சு'. அவளே போனை எடுத்து, "ஹலோ, பெஞ்சு பேசறேன்" என்பாள்.

நான் அந்தக் கல்லூரியின் நூலகர். புத்தகம் திருப்பித் தராதவர்களைப் பிடிக்கத்தான் முதன்முதலாக மைதானத்துக்குப் போனேன். அணியில் பாதிப் பேர் அந்த ரகம். போன இடத்தில் புத்தகத்தையும் மறந்து ஆட்டத்தையும் மறந்து இவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஓடி ஆடுகிறவர்கள் களைத்தால் வேறு ஆளை இறக்குவார்கள். கோல்கீப்பர் எங்கே களைப்பது? அதிலும் எங்கள் முதல் கோல்கீப்பர் 'நெட்டை' இருக்கிறாளே, அவளுக்குத் தும்மல்கூட வராது. "உனக்கு ஒரு ஜலதோஷமாவது பிடிக்காதாடி?" என்று பெஞ்சு முகத்துக்கு நேராகவே கேட்பாள். "பிடிச்சா மொத போன் உனக்குத்தான்" என்பாள் நெட்டை. பொறாமையில் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிற கூட்டு.

சும்மா உட்காருவது பெஞ்சுக்கு ஆகாது. ஆட்டத்தில் எவளாவது கீழே விழுந்தால் போதும், தண்ணீர் பாட்டிலோடு பாய்ந்துவிடுவாள். நம் ஆளா எதிராளியா என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒருமுறை நடுவரே கால் இடறி விழ, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியும் கேளாமல் தலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

அவளுடைய அப்பா சலூன் வைத்திருப்பவர். ஆட்டமென்றால் கடையைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சுக்குப் பின்னால் உட்காருவார். மைதானத்தைப் பார்க்க மாட்டார், பெஞ்சைத்தான் பார்ப்பார். ஒருநாள் மெல்லக் கேட்டேன். "மேட்ச் அங்க நடந்தா நடக்கட்டும் சார், எம்பொண்ணு இங்கதானே இருக்கா" என்றார்.

இந்த வருடம் எங்கள் அணிக்கு நல்ல காலம். முதல் ஆட்டத்தில் மானம் கப்பலேறியது உண்மைதான். பிறகு விழித்துக்கொண்டவர்கள், வரிசையாக எல்லாரையும் ஊதித் தள்ளிக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஜெயித்தால் கோப்பை. பெஞ்சுக்கோ வேறு கணக்கு. அடுத்த மாதம் படிப்பு முடிகிறது. அன்றைக்கும் இறங்காவிட்டால், ஒரு நிமிடம்கூட ஆடாமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்களுக்கு ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது, இந்தக் கோடியில் நெட்டை வலது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அய்யோ, கால் பிடிச்சுக்கிச்சு!" அப்புறம் எழுந்து, இடது காலை நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கோச் மேடம் கண்ணைச் சுருக்கினார். "எந்தக் கால்?"

"ரெண்டும் மேடம்."

மேடம் வாயைக் கோணிச் சிரிப்பை விழுங்கினார். "பெஞ்சு, இறங்கு!"

அவள் பாட்டிலையும் கையில் பிடித்தபடியே ஓடிப் போய் கோலில் நின்றாள். அப்பா காலியான பெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று நினைவு வந்தவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோலுக்குப் பின்புறம் ஓடினார்.

சிறிது நேரத்தில் நடு மைதானத்தில் எங்கள் பெண் ஒருத்தி மோதிக் கீழே விழுந்தாள். நடுவர் விசில் ஊதவில்லை. ஆனால் பழக்கம் யாரை விட்டது? பெஞ்சு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கிப் பறந்தாள், கோலை அம்போவென்று விட்டுவிட்டு!

"அடிப்பாவி, திரும்புடி!" நெட்டை போட்ட சத்தத்தில் எதிரணி கோச்சே பதறிப்போனார். எதிரணிப் பெண் ஒருத்தி ஆளில்லாத கோலைப் பார்த்தாள். நின்ற இடத்திலிருந்தே ஓங்கி உதைத்தாள். பந்து பெஞ்சின் தலைக்கு மேலே போய் விழுந்து, குதித்துக் குதித்துக் கோலை நோக்கி உருண்டது. பின்னாலேயே பெஞ்சு, கையில் பாட்டிலோடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, கோட்டின் மேலே பந்தைக் கட்டிப்பிடித்துக் குப்புறக் கிடந்தாள். பாட்டில் வாய் பிளந்து தலையெல்லாம் தண்ணீர். நடுவர் முட்டி போட்டுக் குனிந்து கோட்டைப் பார்த்தார். கோல் இல்லை என்று கையசைத்தார்.

கால் பிடித்துக்கொண்ட நெட்டை, காலியாகக் கிடந்த மரப் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தாள், இரண்டு காலாலும்.

கடைசி விசில் ஊதியதும் ஒரே ஆரவாரம். சலூன்காரர் வலைக்குள் விரல்களை விட்டு மகளின் ஈரத் தலையைத் தொட்டுக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். படம் எடுக்க எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரும் போனார்கள், அவள் போகவில்லை.

"நான் இங்கேருந்து நகர மாட்டேன். இப்பதான் வந்திருக்கேன்! நீங்க வேணா வாங்க" என்று கத்தினாள்.

கோப்பை, கோச் மேடம், அணி எல்லாம் சிரித்துக்கொண்டே கோலுக்கு நடந்து வந்தன. அவளைச் சுற்றி நின்றார்கள்.

"கையைக் கீழ போடும்மா, பின்னாடி இருக்கறவங்கள மறைக்குது" என்றார் படமெடுப்பவர்.

"நீங்க எடுங்கண்ணா" என்றவள், இரண்டு கைகளையும் இன்னும் அகல விரித்துக்கொண்டு, முழங்காலைச் சற்று மடக்கி, பந்தே இல்லாத மைதானத்தை உற்றுப் பார்த்தபடி நின்றாள்.