சதாசிவத்தின் கறுப்பெண்ணெய் வைத்தியம்

குருண் தாமான் குடியிருப்பில் யார் வீட்டு நாய் சொறிந்தாலும் சதாசிவத்தைத்தான் கூப்பிடுவார்கள். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவருக்கு நாய் வைத்தியம் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை. சொறி, உண்ணி, புண், முடி கொட்டல் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பெண்ணெய். டிராக்டரையே ஓடவைத்த எண்ணெய், நாயைத் தேற்றாதா?

தன் இரத்த அழுத்தத்துக்கு மட்டும் டாக்டர் கொடுத்த மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்குவார். அதற்குக் கறுப்பெண்ணெய் குடிப்பதில்லை.

மகள் நளினி கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனபின், வீட்டில் அவருக்குத் துணை நாய் ஜிம்மி மட்டும்தான். நளினி வரும்போதெல்லாம் சொல்வாள்: "அப்பா, மாசம் ஒரு தடவ கழுத்துல சொட்டு மருந்து விட்டா உண்ணியே அண்டாது. வருசத்துக்கு ஒரு ஊசி. கிளினிக் தூரம்கூட இல்லலா."

"எனக்கே சொல்லிக் குடுக்கிறியாம்மா?" என்பார் வைத்தியர்.

போன மழைக்கு ஜிம்மியின் காதுக்குள் உண்ணி கொத்தாக ஏறியது. சதாசிவம் தலை முதல் வால் வரை எண்ணெய் பூசினார். ஜிம்மி அத்தனையையும் நக்கியது. மறுநாள் வாந்தி. ஈறு வெளுத்துவிட்டது. கேட் சத்தத்துக்கே பாய்ந்து வரும் நாய், கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. சதாசிவம் அதை வாரித் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார். அன்று மாத்திரை போட மறந்தார்.

சுங்கைப்பட்டாணி கிளினிக்கில் டாக்டர் ஷீலா பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தார். "உண்ணிக் காய்ச்சல் அங்கிள். ரத்தம் ரொம்பக் கொறஞ்சிருச்சு. எண்ணெயும் வயித்துக்குள்ள போயிருக்கு. யாரு இதப் பூசச் சொன்னது?"

"பக்கத்து வீட்ல ஒருத்தன், டாக்டர். வெவரங்கெட்டவன்."

ஐந்து நாள் ஜிம்மி அங்கேயே கிடந்தது. ஐந்து நாளும் காலையும் மாலையும் மோட்டார் சைக்கிளில் போய், கூண்டுக்கு முன்னால் நின்று அழுதுவிட்டு வந்தார். பிழைத்துக்கொண்டது.

இப்போது யாராவது எண்ணெய் கேட்டு வந்தால், "கறுப்பெண்ணெயா? எந்த மடையன் சொன்னான்?" என்று சீறுகிறார். வந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

ஜிம்மிக்கு அந்த மரியாதை கிடையாது. மாதம் பிறந்து அவர் சொட்டு மருந்தோடு வந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்கிறது. அறுபத்தாறு வயது வைத்தியர் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து அரை மணி நேரம் கெஞ்சுகிறார்: "டேய் ஜிம்மி, சத்தியமா இது எண்ணெ இல்லடா. வாடா."