சிவப்புத் தோல் துண்டு நின்ன பக்கம்

எங்க கம்பெனி பஸ்ல காலைல ஏறினா யாரும் "சாப்டியா"ன்னு கேக்க மாட்டாங்க. "இன்னா படிக்கிற?"ன்னுதான் கேப்பாங்க. ஒடுகத்தூர்ல கெளம்பி மாதனூர் வழியா ஆம்பூருக்குப் போற ஷூ கம்பெனி பஸ். கேட்டுக்குள்ள போனா செல்போன லாக்கர்ல போட்டுட்டு மிஷின்ல ஒக்காந்துடணும். வீட்டுக்குப் போனா அடுப்பு. அதனால படிக்கிறதெல்லாம் பஸ்லதான். எங்க பஸ்ல பாதிப் பேரு பன்னெண்டாவது, மீதிப் பேரு டிகிரி. "படிச்சுட்டா தோல் தைக்கிற?"ன்னு சில பேரு கேப்பாங்க. தைக்கவும் தைக்கிறேன், படிக்கவும் படிக்கிறேன், உனக்கு இன்னா நஷ்டம்?

ஒவ்வொருத்திக்கும் ஒரு ருசி. எனக்குத் துப்பறியும் கத. அதுல ஒரு எழுத்தாளர் இருக்கார், அவரோட போலீஸ்காரர் கடைசி வரைக்கும் தப்பான ஆளயே சந்தேகப்படுவார். அந்த மனுஷன் மேல எனக்கு அவ்வளவு பாசம். பின் சீட்டுல ஒரு பொண்ணு பரீட்ச கைடு மட்டும்தான் படிப்பா, அதுவும் புஸ்தகம்தான்னு சண்டைக்கு வருவா. மூணாவது சீட்டு அக்காவுக்குக் குடும்பக் கத. மாமியாரும் மருமகளும் சேந்துட்டாங்கன்னா அக்கா மூக்க உறிஞ்சிக்கிட்டே எறங்குவாங்க. பேய்க் கதன்னா அட்டைய பாத்தாலே ஏசப்பான்னு செலுவ போட்டுக்குவாங்க.

என் பக்கத்துல ஒக்கார்ற என் தோஸ்த்துக்குப் பேய்க் கதையத் தவிர வேற எதுவும் எறங்காது. மத்ததெல்லாம் அவளுக்கு பேஜார். நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம், ஒரே லைன்ல ஷூவோட மேல்தோல் தச்சோம். அன்னைக்குப் புடிச்ச சீட்ட நாங்க மாத்தவே இல்ல.

"பேய்க் கதையில எனக்குப் புடிக்காதது கடைசி அத்தியாயம் ஒண்ணுதான்டி"ன்னு சொல்லுவா. "எவனாவது ஒரு மந்திரவாதி வந்து தொரத்திடறான். தொரத்தறதுக்கா இத்தினி பக்கம் எழுதினாங்க? பாவம், அது எங்க போவும்?"

ஆனா முடிக்காம விட மாட்டா. முடிச்சத மறுபடி தொடவும் மாட்டா. நான் ஒரே கதைய ரெண்டாம் தரம் படிச்சா என் தலைல கொட்டுவா. "முடிஞ்சுபோனதுல இன்னாத்த தேடற? பைத்தியமா புடிச்சிருக்கு?"

எங்க பஸ்ல ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் தனித்தனியா புஸ்தகம் வாங்க முடியாது. ஒரே புஸ்தகத்த ரெண்டு மூணு பேரு சேந்து படிப்போம், காலைல ஒருத்தி, சாயங்காலம் ஒருத்தி. யாரு எதுவரைக்கும் வந்தாங்கன்னு அடையாளத்துக்குத் தோல் துண்டு வெப்போம். கட்டிங் செக்‌ஷன்ல கீழ விழுறதுல விரல் அகலத்துக்கு ஒண்ணு. என்னுது கருப்பு. அவளுது கருஞ்சிவப்பு. புஸ்தகத்தையெல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால இருக்கற முதலுதவிப் பெட்டில போட்டு வெப்போம். அதுல மருந்து இருந்து நான் பாத்ததே இல்ல. பெட்டியத் தெறந்தா பழைய காயிதமும் தோலும் கலந்து ஒரு வாசன வரும்.

வழக்கத்துல ஒரே ஒரு சட்டம்தான். அடுத்தவ துண்டத் தாண்டிக் கத சொல்லக் கூடாது. முன்னால போனவ வாய மூடிக்கணும். ஒருதரம் ஒருத்தி கொலகாரன் யாருன்னு ஒளறிட்டா, ஒரு வாரம் அவளுக்கு யாரும் எடம் புடிச்சு வெக்கல. நின்னுக்கிட்டே வந்தா. நல்லா வேணும்.

அந்தப் பேய்க் கதப் புஸ்தகத்த என் தோஸ்த்துதான் திருப்பத்தூர்ல ஒரு பழைய பேப்பர் கடைலருந்து எடுத்துட்டு வந்தா. அட்ட இல்ல. மொத ரெண்டு பக்கமும் இல்ல. கத பேரு இன்னா, எழுதினது யாரு, ஒண்ணும் தெரியாது. வாடகைக்கு ஒரு பெரிய வீட்டுக்கு வர்ற டீச்சரம்மா. பின்னால ஒரு பாழுங்கெணறு. தண்ணியே இல்லாத அந்தக் கெணத்துல மத்தியானத்துல யாரோ தண்ணி எறைக்கிற சத்தம் கேக்கும். போய்ப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க, ஆனா கயிறு மட்டும் ஈரமா இருக்கும். அவ்வளவுதான் கத. அதுக்கே எனக்குப் பட்டப்பகல்ல கை சில்லுன்னு ஆய்டும். அவ எனக்கு முன்னால ஓடிட்டிருந்தா. நான் ஒரு அத்தியாயம் பின்னால.

மழ ஆரம்பிச்சப்போ அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. வுடவே இல்ல. வேலூருக்குக் கொண்டுபோய் பெரிய ஆஸ்பத்திரில சேத்தாங்க. ஞாயித்துக்கெழம பாக்கப் போனேன். கைல ஊசி, ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடந்தா. என்னப் பாத்ததும் மொத வார்த்த, "இன்னா படிக்கிற?"

"உன் பேய்தான். நான் வேணா முடிச்சுட்டு வந்து உனக்குச் சொல்லட்டா?"

"என் துண்டத் தாண்டின, கால ஒடச்சிடுவேன்"னு சிரிச்சா. "நான் வந்து படிக்கிறேன். அது அங்கயே இருக்கட்டும்."

வரல. அந்த வாரமே போய்ட்டா.

பஸ்ஸோட போனோம் எல்லாரும். மால போட்டோம், வந்தோம். மறுநாள் அதே பஸ், அதே ரோடு. பக்கத்து சீட்டுல யாரும் ஒக்காரல. ஒக்காருன்னும் யாரும் சொல்லல, ஒக்காராதன்னும் சொல்லல. அந்தப் புஸ்தகத்துலருந்து என் கருப்புத் துண்ட உருவிட்டேன். அவளே முடிக்காதத நான் எதுக்கு முடிக்கணும்? சிவப்புத் துண்டு மட்டும் உள்ள இருந்துச்சு. மழ ஈரத்துல அதோட சாயம் எறங்கி அந்தப் பக்கத்துல ஒரு கோடு விழுந்திருந்துச்சு. சாயங்காலத்துல எங்க லைன் கொஞ்சம் சீக்கிரம் விடும். நான்தான் பஸ்ல மொதல்ல ஏறுவேன். பெட்டியத் தெறப்பேன், துண்டு அங்கயே இருக்கான்னு பாப்பேன், மூடிடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் தெறந்தா, துண்டு அங்க இல்ல. நாலு பக்கம் தள்ளி இருந்துச்சு.

பயந்தேன்னு சொன்னாதான் எல்லாரும் நம்புவாங்க. நான் பயப்படல. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! படிக்கிறா. வந்து படிக்கிறேன்னு சொன்னா இல்ல, வந்துட்டா. பக்கத்து சீட்டத் தடவிக் குடுத்துக்கிட்டே வீட்டுக்குப் போனேன். அந்த நாட்கள்ல அந்தச் சீட்டுல ஒரு பாரம் இருந்துச்சு. பஸ் திரும்பும்போது என் தோள்ல யாரோ சாயற மாதிரி இருந்துச்சு. இத நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இன்னா சொல்லுவாங்க? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க. சொல்லிக்கட்டும்.

மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போச்சு. அதுக்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்பத்தான் கவனிச்சேன். மீதிப் பக்கம் கம்மியாயிட்டே வருது. கடைசி அத்தியாயத்துல பேயத் தொரத்திடுவாங்களே! அவ முடிச்சுட்டா போய்டுவா. முடிச்சத மறுபடி தொடாதவ அவ. அப்புறம் எதுக்கு வரப்போறா?

சிவப்புத் துண்ட உருவி, சாயக் கோடு இருந்த பழைய பக்கத்துலயே திருப்பி வெச்சேன்.

காலைல அது முன்னால போவும். சாயங்காலம் நான் பின்னால கொண்டாந்து வெப்பேன். இப்படியே போச்சு. அவ கோவிச்சுக்குவாளோன்னு கூட நெனச்சேன். "கோவிச்சுக்கோடி, ஆனா இரு"ன்னு சீட்டப் பாத்து வாய்க்குள்ளயே சொல்லுவேன். லைன்ல தையல் கோணிக்கிட்டுப் போச்சு, சூப்பர்வைசர் கத்தினாரு. கத்தட்டும். எனக்கு சாயங்காலம் எப்ப வரும்னு இருக்கும்.

இதுக்கு நடுவுல மூணாவது சீட்டு அக்கா எளச்சுப் போனாங்க. படிக்கிறதில்ல, பேசறதில்ல. கழுத்துல செலுவ, கைல தர்காவுல ஓதிக் கட்டின கருப்புக் கயிறு. ஒருநாள் சாயங்காலம் யாரும் ஏறறதுக்கு முன்னால வந்து என் கையப் புடிச்சிக்கிட்டாங்க.

"கண்ணு, யார்கிட்டயும் சொல்லிடாத. உன் தோஸ்த்து இங்கதான் இருக்கா."

நானும் அவங்க கைய இறுக்கிப் புடிச்சேன். "உங்களுக்கும் தெரியுதாக்கா?"

"அவ பாதில வுட்டுட்டுப் போய்ட்டாளேன்னு மனசு கேக்கலடி. மொத ஸ்டாப்புல நான்தான ஏறறேன்? பயத்தோட பயமா, அவளுக்காக நாலு பக்கம் படிச்சு துண்டத் தள்ளி வெச்சேன். முடிஞ்சுட்டா நிம்மதியா போய்டுவான்னு பாத்தேன். ரெண்டு மூணு நாள் ஒழுங்கா போச்சு, அப்புறம் வந்து பாத்தா துண்டு பழைய எடத்துலயே இருக்கு! தெனமும் படிக்கிறேன், தெனமும் திரும்பிப் போய்டுது. எனக்குத் தூக்கமே இல்லடி. சர்ச்சுல சொன்னா திட்டுவாங்க. கயிறு கட்டியும் நிக்கல."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் புரியல. புரிஞ்சதும் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அழுக வந்துச்சு. அழுக நிக்கறதுக்குள்ள கோவம் வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு கோவம். அவ வரவே இல்ல. இத்தினி நாளும் அது இந்த அக்கா.

"உன்ன யாரு படிக்கச் சொன்னது? அவ துண்ட நீ எப்படித் தொடலாம்?"னு கத்திட்டேன். நீ வா போன்னு வந்துடுச்சு வாயில. "பின்னால கொண்டாந்து வெச்சது நான்தான். தெனமும் வெச்சேன். இன்னா இப்போ?"

அக்கா அப்படியே சீட்டுல சாஞ்சிட்டாங்க. "அடிப்பாவி! நீயாடி? நான் செத்துப் பொழச்சேன்டி!"ன்னு என் முதுகுல ரெண்டு வெச்சாங்க. பேய் இல்லன்னு தெரிஞ்சா நிம்மதி வரும்னு கதைல எழுதுவாங்க. சுத்தப் பொய். அன்னைக்கு என் பக்கத்து சீட்டு காலியா இருந்த மாதிரி அதுக்கு முன்னால காலியா இருந்ததே இல்ல.

அக்காதான் மெதுவா ஆரம்பிச்சாங்க. "ஏன்டி பின்னால வெச்ச?"

"முடிச்சா போய்டுவாக்கா."

"போவட்டுமே."

"எங்க போவணும்? ஏன் போவணும்?"

அக்கா என் முந்தானையாலயே என் மூஞ்சியத் தொடச்சாங்க. "அவ கடைசி வரைக்கும் படிக்காம எந்தக் கதையாவது வுட்டிருக்காளா? இன்னா ஆச்சுன்னு தெரியாம அவளுக்கு எப்படி இருக்கும்? உனக்குப் பேச ஆள் வேணும்னு அவள அந்தப் பாழுங்கெணத்தடியிலயே நிக்க வெச்சிருக்கியேடி."

குடும்பக் கத படிக்கிறவங்களுக்கு எங்க அடிச்சா வலிக்கும்னு நல்லாத் தெரியும்.

அடுத்த வாரம் பூரா அக்கா சத்தமாப் படிச்சாங்க. டிரைவர் அண்ணன் பாட்ட நிறுத்திட்டாரு. கைடு படிக்கிற பொண்ணு கூட கைட மூடிட்டு முன்னால வந்து நின்னா. பேய்க் கதன்னா செலுவ போட்டுக்கறவங்க, ஒரு கையால செலுவயப் புடிச்சிக்கிட்டே படிச்சாங்க. நான் துண்டக் கைல வெச்சிக்கிட்டு, அவங்க ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் தள்ளித் தள்ளி வெச்சேன். கடைசில அவ சொன்னதுதான் நடந்துச்சு. ஒரு பூசாரி வந்தான், கெணத்த மூடினான். மறுநாள் மத்தியானம் சத்தம் இல்ல, டீச்சரம்மா நிம்மதியாத் தூங்கினான்னு கத முடிஞ்சுது. "இவ்வளவுதானா?"ன்னு பின்னாலருந்து யாரோ அலுத்துக்கிட்டாங்க. அவ இருந்திருந்தா புஸ்தகத்தத் தூக்கி அடிச்சிருப்பா. நான் துண்ட உருவி பெட்டில தனியாப் போட்டேன்.

மறுநாள் காலைல ஏறினேன். ஜன்னலோரம் ஒக்காந்தேன். பழக்கத்துல பக்கத்துல திரும்பி "இன்னா படிக்கிற?"ன்னு கேட்டுட்டேன். வெறும் ரெக்சின் சீட்டு. பஸ் திரும்பும்போது என் தோள்ல எதுவும் சாயல. போய்ட்டா. இந்த தரம் நெசமாவே போய்ட்டா. ஆஸ்பத்திரில அழாத அழுகையெல்லாம் அன்னைக்கு மாதனூர் வர்றதுக்குள்ள அழுதேன்.

மூணாவது சீட்டுலருந்து அக்கா எழுந்து, ஓடற பஸ்ல கம்பியப் புடிச்சிக்கிட்டு பெட்டிகிட்ட போனாங்க. அவ போவட்டும்னு சொன்ன அதே அக்கா. அந்த அட்ட இல்லாத புஸ்தகத்த எடுத்தாங்க. சிவப்புத் துண்டத் தேடி எடுத்தாங்க. மொதப் பக்கம்தான் இல்லியே, மூணாம் பக்கத்துல வெச்சு மூடி, என் பக்கத்து சீட்டு மேல வெச்சாங்க.

"அக்கா, முடிஞ்சத மறுபடி தொட்டா அவ திட்டுவாக்கா"ன்னேன்.

"தெரியும்டி"ன்னாங்க. அவங்க கண்ணும் ரொம்பிடுச்சு. "வந்து திட்டட்டும்."