கதவைச் சாத்தியது யார்

சாரதாவைப் பற்றிச் சொல்வதென்றால் ஒரு இங்கிலீஷ் யுத்தப் படத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவள் ஒன்றும் சினிமாப் பைத்தியம் இல்லை. ஆனால் மான்மவுத் ஜங்ஷன் என்ற இந்த அமெரிக்க ஊரில், கௌசிக் வீட்டு பேஸ்மென்டில் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் நாங்கள் சில பேர் கூடிப் பழைய படம் பார்ப்போம். வேறெங்கும் தலைகாட்டாத சாரதா அதற்கு மட்டும் வருவாள்.

அங்கே சில சட்டங்கள் உண்டு. படம் முடிந்ததும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அதுவரை சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் இரண்டு பேரும் ஒரே அபிப்பிராயத்தைச் சொல்லித் தொலைக்கிறார்களாம்.

சாரதாவுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கிட்டுசாமியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, கிரீன் கார்டுக்காகப் பல வருஷம் வீட்டில் அடைந்து கிடந்து, பிறகு டே கேரில் வேலைக்குப் போனாள். ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தே தலை நரைத்துவிட்டது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கிட்டுசாமியின் தம்பி இனியன் படிக்க வந்தபோது அவர்கள் வீட்டில்தான் இருந்தான். அவனுக்குச் சோறு போட்டு, டிரைவிங் சொல்லிக் கொடுத்து, வேலை கிடைத்ததும் அழுதுகொண்டே வழியனுப்பினாள்.

கோவிட் வந்த அந்த ஏப்ரலில், ஜெர்சி சிட்டியில் கூட இருந்தவர்கள் காய்ச்சலோடு அவனை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அவன் காரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தான். கிட்டுசாமிக்கு அப்போதுதான் பைபாஸ் ஆகியிருந்தது. சாரதா பேஸ்மென்டில் படுக்கை விரித்துவிட்டு மேலே வருவதற்குள், கிட்டுசாமி கதவைத் திறக்காமலே, வாசல் பெல்லில் இருக்கும் கேமரா வழியாகப் பேசி அவனை அனுப்பிவிட்டார். இனியன் ஒரு மோட்டலில் ரூம் எடுத்தான். அங்கேயே தனியாகச் செத்துப் போனான்.

பயத்தில் செய்தது, அதை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். அப்போது எல்லோருக்கும் உயிர் பயம்தான். ஆனால் ஊரிலிருந்து அம்மா போனில் கதறிக்கொண்டு, ஏன்டா உள்ளே விடலை என்று கேட்டபோது இந்த மனுஷர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “சாரதா பயந்துட்டாளுங்கம்மா.”

அவர்கள் பக்கத்தில், வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் அதைச் சாகும்வரை மறக்க மாட்டார்கள். வீட்டுப் பிள்ளையையே கேட்காதவளை விடுவார்களா? அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு வாசலிலும் அவளை யாரும் ‘வா’ என்று கேட்கவில்லை. மாமியார் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

இதையெல்லாம் வாக்கிங் போகும்போது சாரதாதான் என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“நீயே போன் பண்ணி உண்மைய சொல்ல வேண்டியதுதானே?”

“நான் சொன்னா தப்பிக்கப் பாக்கறேம்பாங்க, ஹம்சா. அவரு வாயால வரோணுமுங்க.”

இப்போது மாமியார் படுத்த படுக்கை. அடுத்த வாரம் இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்புவதாக டிக்கெட் போட்டாயிற்று. போவதற்குள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். பார்க்கலாம் என்றாராம்.

போன ஞாயிறு கௌசிக் போட்ட படம், லண்டனில் குண்டு விழுந்த காலத்துக் கறுப்பு வெள்ளைக் கதை. பதுங்குமிடத்துக் காவலன் ஒருவன், ஓடி வரும் பக்கத்து வீட்டுக்காரன் முகத்திலேயே கதவைச் சாத்துகிறான். வந்தவன் வெளியே செத்துக் கிடக்கிறான். விசாரணையில், உள்ளே இருந்தவர்கள்தான் சாத்தச் சொன்னார்கள் என்கிறான் காவலன். உள்ளே ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது படம் பார்த்த எங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பார்சிப்பனியிலிருந்து வான்மதியும் வந்திருந்தாள். கிட்டுசாமியின் அத்தை மகள். இங்கே சொல்வது அன்றைக்கே கோபிக்குப் போய்விடும்.

“Practical-ஆ பாத்தா correct decision தான். நூறு பேரை காப்பாத்தணும்ல” என்றான் கௌசிக்.

“படம் ரொம்ப slow” என்றாள் மாளவிகா.

“பெத்தவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்” என்றாள் வான்மதி. சாரதா பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

சாரதாவின் முறை வந்தது. “சாத்துனது தப்புன்னு நான் சொல்ல மாட்டனுங்க. பயம் யாருக்குத்தான் இல்ல. ஆனா அப்பறம் அடுத்தவங்க மேல கைய காட்டுனாரு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.”

அவள் கிட்டுசாமியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கடைசி ஆள் அவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லிவிடுவார் என்றே நம்பினேன். சொல்லுய்யா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“கேமரா நல்லா இருக்குதுங்க. அந்தக் காலத்துலயே லைட்டிங் என்னமா பண்ணியிருக்கறாங்க” என்றார்.

எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சாரதா சாப்பிடவில்லை. சாப்பிட்டு முடித்துக் கிட்டுசாமி தன் காரில் போய்விட்டார். “என்னைய வீட்டுல விட்டுடறீங்களா, ஹம்சா?” என்று கேட்டாள்.

வீட்டு வாசலில் இறங்கிப் போனவள், சாவி கையிலிருக்க பெல்லை அழுத்தினாள். பெல்லிலிருந்து அவர் குரல் வந்தது.

“சாவி இல்லையா?”

“இருக்குதுங்க. நீங்க வந்து தெறங்க.”

“போன்லயே லாக்க எடுத்துட்டேன். தள்ளிட்டு வா.”

அவள் கதவைத் தொடவில்லை. இனியன் நின்ற இடத்தில் நின்று அந்தக் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

“ஊருக்கு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. அத்தை கேட்டாங்கன்னா, சாரதா பயந்துட்டான்னு சொல்லீருங்க.”