தூங்கியவர் சொன்ன விமர்சனம்

இன்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் சட்டையிலிருந்து வந்த மெஷின் ஆயில் வாசனை, ஓசூரில் இடித்துவிட்ட அந்தத் தியேட்டர் வாசலுக்கு என்னைக் கொண்டுபோனது. ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் அங்கே காலைக் காட்சி பார்த்து, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் படத்தைக் கிழித்துக்கொண்டே வெளியே வருவார்கள். அதைக் கேட்டுத்தான் அடுத்த காட்சிக்கு நிற்பவர்கள் டிக்கெட் எடுப்பார்கள். சின்ன வயதில் ஒருநாள் அப்பா என்னை வண்டியில் அங்கே படத்துக்குக் கூட்டிப்போனார்.

“போவாதீங்கண்ணா, ஒரே இழுவை,” என்றார் அப்பாவோடு வேலை பார்ப்பவர்.

“மாமா கன்னத்துல சீட்ல சாஞ்ச தடம் இருக்குப்பா. நல்லா தூங்கியிருக்காரு,” என்றேன்.

“வாய மூடுடி,” என்று அப்பா வண்டியைத் திருப்பிவிட்டார்.

வாரமெல்லாம் நான் காத்திருந்த படம். குறட்டை விட்டவர் பேச்சுக்கு இருந்த மதிப்பு எனக்கு இல்லை. அந்தப் படத்தை இன்றுவரை பார்க்கவில்லை. ஆனால் யாராவது அதை மோசம் என்றால் சண்டைக்குப் போகிறேன்.