நாலு மணி நேர தூரம்

கல்கத்தாவில், டாக்குரியா பேட்டையில் எங்கள் எதிர் ஃபிளாட் சந்தானம், துறைமுகத்தில் கப்பல்களின் வரவு போக்கைக் கவனித்து ஓய்வு பெற்ற மனுஷர். "சிங்கப்பூர் மூவாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை, மீனாக்ஷி. பிளேன்ல நாலு மணி நேரம். மெட்ராஸுக்கு ரயில்ல போறதைவிடக் கிட்ட!" என்று என்னிடமே நூறு தடவை சொல்லியிருப்பார். பிள்ளை கிரிதர் அங்கே வேலைக்குப் போனபோது, அழுத மனைவி வசுமதியையும் இதைச் சொல்லித்தான் தேற்றினார். பாவம், அவளும் நம்பினாள்.

போன வருஷம் அவளுக்குப் புற்றுநோய் முற்றி, ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை, கிரியைப் பார்க்க வேண்டும். அவன் உடனே வருகிறேன் என்றான். இந்த மனுஷர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்! "இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. பிரயாணம் கூடாது. தசமியன்னிக்குக் கிளம்பு. நாலு மணி நேரம்தானே." துர்கா பூஜையில் ஊரே அஷ்டமிக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பும் கல்கத்தாவில் காலமெல்லாம் இருந்தும் இவருக்கு அது ஆகாத நாள்.

அன்று காலையே வசுமதி, "கிரி கிளம்பிட்டானா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "ஏறிட்டான்" என்று புளுகிவிட்டார்.

அவ்வளவுதான். வசுமதி சுவர்க் கடிகாரத்தையே பார்க்க ஆரம்பித்தாள். நாலு மணி நேரம் ஆயிற்று. ஏர்போர்ட்டிலிருந்து வருகிற நேரத்தையும் அவளே கூட்டிக்கொண்டாள். அதுவும் போயிற்று. நான் கொண்டுபோன கஞ்சியை வேண்டாம் என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"மீனாக்ஷி, பிளேனுக்கு என்னமோ ஆயிடுத்து. எங்கிட்ட மறைக்கறேள்."

சந்தானத்தை ஹாலுக்கு இழுத்துப்போய்க் கத்தினேன். "உங்க பஞ்சாங்கம் நாசமாப் போக! உள்ளதைச் சொல்லுங்கோ. போனைப் போட்டு அவன் குரலையாவது கேக்க வையுங்கோ!"

உள்ளே போய்ச் சொன்னார். "வசு, நான் பொய் சொல்லிட்டேன். அவன் கிளம்பவே இல்லை, சிங்கப்பூர்லதான் இருக்கான். இதோ, பேசு."

போன் சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. மறுபடி போட்டார், மறுபடியும் அதேதான். அவர் போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ" என்றாள்.

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விளக்கேற்றும் வேளையில் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. கிரிதர்! அஷ்டமியாவது ஒண்ணாவது என்று அப்பாவிடம் சொல்லாமலே மத்தியானம் விமானம் ஏறியிருக்கிறான். போன் அணைந்திருந்தது அதனால்தான்.

அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதவன் நிமிர்ந்து, "என்னைக் கேட்டாளாப்பா?" என்றான்.

சந்தானம் சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

"நீ செத்துட்டேன்னு நெனச்சுண்டே போனாடா."