அண்ணாத்தேயின் அப்பா

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுதினால் வரி கோணிக்கொண்டு போகும், முன்னே நடந்தது பின்னே வந்துவிடும், இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. சபையில் எழுந்து சாட்சி சொல் என்றால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவள் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள். என் வீட்டுக்காரரைப் பற்றி இந்த ஒன்றைச் சொல்லாமல் போய்விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அவர் ஜெபம் பண்ணுவது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. காவாந்தண்டலம் பக்கம் ஒரு நிலக்காரர் கழனியில் அவருக்கு ஏர் ஓட்டுகிற வேலை. மாட்டை நுகத்தில் பூட்டுமுன் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "அண்ணாத்தே, கழனில எறங்கறேன். கூடவே இரு" என்பார். அவ்வளவுதான் ஜெபம். அண்ணாத்தே என்றது இயேசு சாமியை. வீட்டு ஜெபங்களில் எல்லாரும் "பிதாவே" என்று ஆரம்பித்தால், இவர் முறை வரும்போது "அண்ணாத்தே" என்பார். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாகும். "ஏம்மே, உன் வூட்டுக்காரரு சாமியாண்ட ஜெபம் பண்றாரா, பீடி கேக்கறாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி என் விலாவில் இடிப்பாள்.

காரணம் எனக்குத் தெரியும். என் மாமனார் குடித்துவிட்டு வந்து கூழ்ப் பானையை எட்டி உதைக்கிற மனிதர். அவர் செருமுகிற சத்தம் கேட்டாலே பிள்ளைகள் வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொள்வார்களாம். என் மூத்தார், அதாவது இவருடைய அண்ணன், மாடு மேய்க்கிற வீட்டில் தனக்கு ஊற்றும் கூழில் பாதியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்தாராம். அடி விழும்போது குறுக்கே முதுகைக் கொடுத்ததும் அவர்தான். அந்தத் தழும்பை நானே பார்த்திருக்கிறேன். அதனால் இவருக்குச் சாமி என்றால் அண்ணன். அப்பா என்ற சொல் நாக்கில் ஏறவேயில்லை.

எங்கள் மூத்த மகள் பிறந்தபோதுதான் அது பெரிய சிக்கலாயிற்று. எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். எங்கள் போதகரை ஐயர் என்போம். உத்திரமேரூரிலிருந்து மாதம் ஒரு முறை சைக்கிளில் வருவார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்குமுன், பெற்றவர்கள் எழுந்து நின்று பிதாவையும் குமாரனையும் பரிசுத்த ஆவியையும் நம்புகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆராதனைக்கு முன்னால் ஐயர் எங்களை உட்காரவைத்து விசாரித்தார்.

"குமாரன நம்பறேன் ஐயரே. அப்பனப் பத்தி மட்டும் என்னாண்ட கேக்காதீங்க" என்றார் இவர்.

"வாயால சொல்லிட்டு வாடா. உன் நெஞ்ச யாரு தொறந்து பாக்கப் போறாங்க?" என்று மூத்தாரே அவர் காதில் சொன்னார்.

"கொயந்தய மடியில வச்சிக்கினு பொய் சொல்லச் சொல்றியா அண்ணாத்தே?"

ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை. "யோசிச்சு வைப்பா, அடுத்த மாசம் வரேன்" என்று சைக்கிளை எடுத்துவிட்டார். புதுச் சட்டை போட்ட குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். எங்களில் பெயர் வைப்பது ஞானஸ்நானத்தில்தான். "கல்யாணப் பத்திரிகையிலயும் பாப்பான்னே அடிச்சிடு" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். அந்தச் சமயம் தெருவில் அம்மை வேறு போட்டிருந்தது. பெயரில்லாமலே பிள்ளை போய்விடுமோ என்று எனக்குள் உதறல். அவரிடம் சொல்லத் தைரியமில்லை.

ஒரு நாள் கழனிக்குக் கூழ் கொண்டுபோனேன். வழக்கம்போல "அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டுக் குடிக்க உட்கார்ந்தார். எப்படிக் கேட்டேனோ, கேட்டுவிட்டேன்.

"ஏய்யா, உங்க அண்ணாத்த அவரு அப்பாகிட்ட பேசுவாரா?"

"பேசாம?"

"பயந்து ஒளிஞ்சிக்குவாரா?"

வாயருகே கொண்டுபோன சொம்பு நின்றுவிட்டது. "இல்ல. சிலுவையில சாவற நேரத்துலகூட அப்பான்னுதான் கூப்ட்டாரு" என்றார். மிளகாயைத் தொடாமலே கூழைக் குடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

அடுத்த மாதம் ஐயர் கேட்குமுன் இவரே எழுந்தார். "எங்கண்ணாத்த ஒருத்தர நம்பி அப்பான்றாருன்னா, அவரு எங்கப்பன மாரி ஆளா இருக்க மாட்டாரு. அண்ணாத்த முதுகாண்ட நின்னுக்கினு நானும் கூப்டறேன் ஐயரே."

சொல்லிவிட்டாரே தவிர, ஆராதனையில் எழுந்து நின்றபோது அந்தச் சொல் வரவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. இந்த மாதமும் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது "அப்பா" என்று ஒரு குரல் வந்தது. சொல்லிக்கொடுத்தது பிதா. வந்தது அப்பா. கழனியின் அந்தக் கோடியிலிருந்து பிள்ளை கூப்பிடுகிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரிகூடச் சிரிக்கவில்லை. ஐயர் மூன்று முறை தண்ணீர் வார்த்தார், பெயர் சொன்னார், என் மகள் வீறிட்டாள்.

திரும்பி நடக்கும்போது, "வாயத் தொறந்தேன், அவ்ளோதான் மே. கூப்ட்டது நான் இல்ல. உள்ளருந்து யாரோ" என்றார்.

மூவர் எப்படி ஒருவர் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டுவிட்டேன். என் மண்டைக்கு எட்டியதில்லை. ஆனால் முன்னே நின்று கூட்டிப்போகிறவரும், உள்ளிருந்து கூப்பிடவைக்கிறவரும், கூப்பிட்டால் கேட்கிறவரும் ஒரே கடவுள்தான் என்று அன்று அவர் முகத்தில் பார்த்தேன். ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் முதல் மாதமே முடிந்திருக்கும். ஊரே சொல்லச் சொன்னது, அண்ணனே சொன்னார். கூலிக்கு ஏர் ஓட்டிய மனிதர் கடவுளிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றார். அவர் பெண்டாட்டி நான். இதைச் சொல்ல மட்டும் எனக்கு வெட்கமில்லை.

இப்போது அவர் இல்லை. நாங்கள் அப்போது ஆராதித்த ஓலைக் கோவில் இருந்த இடத்தில் கட்டடம் வந்துவிட்டது, மைக் வைத்து ஜெபிக்கிறார்கள். அந்த ஞானஸ்நானம் நடந்தது எந்த வருஷம், நடவுக் காலமா அறுப்பா என்பது எனக்குக் குழம்புகிறது. மகளைக் கேட்டால், "நான் கைக்கொயந்தம்மா, எனக்கின்னா தெரியும்" என்கிறாள். அன்று கோவிலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். விசுவாசத்தைப் பற்றி நான் தப்பாக எழுதியிருந்தால் ஐயர்மார் திருத்தட்டும். என் வீட்டுக்காரர் சொன்னதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.